அறளை பெயர்ந்தவர் என்று சொல்லுமுன்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எம்போன்ற மாணாக்கர் இம்மேடையில் ஏறினாற் சமயகுரவர் ஒருவரைப் பற்றியோ தமிழின் தொன்மையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்றும் விலகி, நமது வீடுகளின் பின்விறாந்தையில் நடப்பதொன்றைப் பற்றிப் பேசச் சபையோரின் உத்தரவை வேண்டுகிறோம். வயோதிப காலத்தில் வரும் மறதிநோயும், அந்நோய் கண்டவரை வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களும் இன்றைய பொருள்.

நம்மூரில் இதற்குப் பழைய சொல்லொன்று உண்டு. "அப்புவுக்கு அறளை பேந்துபோச்சு" என்பார்கள். அத்தோடு அம்மனிதரைப் பற்றிய விசாரணை முடிந்துவிடும். அதன்பின் அவர் வயிறு வலிக்கிறது என்றாலும் அறளை. பசிக்கிறது என்றாலும் அறளை. சிறுவர் சிரிப்பார்கள், பெரியவர்கள் அதட்டுவார்கள், அயலவர் படலையில் நின்று அனுதாபஞ் சொல்லிப் போவார்கள். வேறு சிலர் கிரகதோஷம் என்றும் செய்வினை என்றும் சொல்லி நூல் கட்டுவிப்பார்கள். பத்திரகாளி அம்பாள் சந்நிதியில் அருச்சனை செய்விப்பதை நாம் குறைகூற வரவில்லை. செய்விப்பவருடைய மனத்துக்கு அது பேராறுதல். அருச்சனைத் தட்டோடு வீடு திரும்பியவர் மறுநாட் காலை வைத்தியரிடமும் போகவேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.

இஃது ஒரு நோய் என்பதை மருத்துவ உலகம் அறிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1901 ஆம் ஆண்டில் ஜேர்மனி தேசத்துப் பிராங்பேட் நகர வைத்தியசாலையொன்றில் ஓகுஸ்தே டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி அனுமதிக்கப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கினால் பாதியிலே மறந்துவிடும் நிலை அவருக்கு. 1906 இல் அவர் இறந்தபின், அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கிடையே ஏதோவொரு படிவும், கலங்களுக்குள்ளே சிக்குண்ட நூல்போன்ற இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ரியூபிங்கன் நகரில் வைத்தியர் சபையொன்றில் அதைப்பற்றி அவர் பேசினார். 1910 இல் அந்நோய்க்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. ஈரலுக்கும் இருதயத்துக்கும் வருவதுபோல மூளைக்கு வரும் வியாதி இது. மானக்கேடென்று மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

மறதிநோய் என்ற பெயரின்கீழ்ப் பல நோய்கள் அடங்கும். நூற்றுக்கு அறுபது எழுபது வரையில் அல்சைமர் நோயே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடுத்து வருவது, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சிறிது சிறிதாக அடைபடுவதால் உண்டாவது. பிறசரும் சலரோகமும் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் நாட்டில் இந்த இரண்டாவதை நாம் விசேடமாகக் கவனிக்கவேண்டும். 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோய் கண்டிருந்தனர். இலங்கையில் ராகமைப் பகுதியில் நடந்து 2003 இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். ஆகவே இது மேல்நாட்டார் வியாதி என்று எவரும் எண்ணவேண்டாம்.

மறதியெல்லாம் நோயாகாது. சந்தைக்குப் போய் உப்பு வாங்க மறந்து வருவது எவருக்கும் உண்டு. நாற்பது வருஷம் போய்வந்த சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நடுத்தெருவில் நிற்பது வேறு. ஐம்பது வருஷம் சொதி வைத்த கை, தேங்காய்ப்பாலை எப்போது விடுவது என்று அடுப்பின் முன்னே தயங்குமானால் வீட்டார் விழித்துக்கொள்ளவேண்டும். ஓய்வூதியக் காசை எண்ணத் தடுமாறுதல், சொன்னதையே கால்மணிக்கொருமுறை சொல்லுதல், மருமகள் நகையைத் திருடினாள் என்று சாதித்தல் ஆகியவையும் அத்தகையனவே. கடைசியிற் சொன்னதனால் எத்தனை குடும்பங்கள் பிரிந்தன என்பதைப் பெரியோர் அறிவீர்கள். பொருளைத் தாமே ஒளித்துவைத்து, ஒளித்த இடத்தை மறந்து, அதனால் மனம் கற்பிக்கும் குற்றச்சாட்டு அது. மாமியின் வன்மம் என்று அதை எடுத்துக்கொண்ட மருமகள்மார் பாவம், மாமிமாரும் பாவம்.

இவ்விடத்தில் மிகவும் வலியுறுத்திச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அல்சைமர் நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை தெளிவாயிருந்த ஆச்சி இன்று திடீரெனத் தடுமாறினால், இல்லாத ஆட்களைக் கண்டு பேசினால், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். சலத்தில் கிருமி பற்றியிருக்கலாம். உடம்பில் நீரோ உப்போ குறைந்திருக்கலாம். நாலு நாளுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததை மறைத்திருப்பார், தலைக்குள்ளே இரத்தம் கசிந்திருக்கும். இவையெல்லாம் சிகிச்சையுள்ளவை. மெல்ல வந்த மறதியிலுங்கூட, தைரொயிட் சுரப்புக் குறைவு, பி 12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வந்தது என்று இரத்தப் பரிசோதனையிலும் வைத்தியரின் விசாரணையிலும் தெரிந்து, மருந்தால் நிலைமை சீர்ப்படுவதுண்டு. தடிமனுக்கென்று வாங்கிவைத்த பிரிற்றன் குளிசையை 'நித்திரை வரட்டும்' என்று முதியவருக்குக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அக்குளிசை வயோதிபரின் மூளையைக் குழப்பவல்லது. வைத்தியரைக் கேளாமற் கொடுக்கவேண்டாம். உண்மையான அல்சைமர் நோய்க்கோ முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சிலகாலம் நிலைமையைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் உண்டு. மேல்நாட்டில் அண்மையில் வந்துள்ள ஊசிமருந்துகள் ஆரம்பநிலையில் உள்ளோருக்கே உரியன. விலையோ நம் கைக்கெட்டாதது. ஆகையால் எஞ்சியிருப்பது பராமரிப்பு.

துறைமுகத்தில் வேலைபார்த்து இளைப்பாறிய ஒரு முதியவரை எண்ணிக்கொள்வோம். வயது எண்பத்தைந்து. பெயர் வேண்டாம், பல வீடுகளில் இவர் இருக்கிறார். 1957 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை இத்துறையை விட்டுப் போனதை விடலைப் பருவத்திற் கண்டவர். விடியற்புறம் நான்கு மணிக்கு எழுந்து, சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, "வேலைக்கு நேரமாச்சு, சைக்கிளை ஆர் எடுத்தது?" என்று வீட்டைக் கிளப்புகிறார். சைக்கிளை விற்று இருபது வருஷம். மகள் வந்து, "அப்பா, உங்களுக்குப் பென்சனாகி இருபத்தைஞ்சு வருஷம். பேசாமற் படுங்கோ" என்கிறாள். அவள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் இந்நோயிலே கடைசியிற் பதிந்தது முதலில் அழியும். அந்த இருபத்தைந்து வருஷமும் அவர் நெஞ்சில் இல்லை. அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகும் சிறுமி. எதிரே நிற்பவளோ யாரோ ஒரு நரைத்த பெண். கதவை மறித்துக்கொண்டு ஏதோ பிதற்றுகிறாள்! அவர் கையை ஓங்குவதில் என்ன அதிசயம்?

அதே மகள், "துறைமுகத்துக்கோ அப்பா? இண்டைக்கு எந்தக் கப்பல் வருது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அவர் சொல்லத் தொடங்குவார். சொல்லும்போது நாற்காலியில் இருப்பார். ஒரு தேத்தண்ணி கைக்கு வரும். ஏழெட்டு நிமிஷத்தில் சைக்கிள் மறந்துபோகும். தினமும் இது பலிக்கும் என்று நாம் உத்தரவாதம் சொல்லமாட்டோம். அதட்டலைவிட அதிக நாட்களிற் பலிக்கும். இது பொய் சொல்வதாகாதா என்று நமது வாசகசாலையில் ஒரு மாலை முழுவதும் தர்க்கம் நடந்தது. கேள்வி கேட்பது பொய்யன்று என்பது எமது கட்சி. அன்றியும், வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் இத்தகைய இக்கட்டுக்கு இடம்வைத்தே எழுதியிருக்கிறார். மூத்தோர் அதை எம்மிலும் நன்கறிவர்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் செய்வது மற்றொன்று. வந்து இறங்கியதும், "அம்மம்மா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்!" என்று பரீட்சை தொடங்கும். சுற்றி நிற்போர் ஆவலோடு பார்ப்பார்கள். கிழவி விழிப்பாள். சித்தியடையாத மாணாக்கனுடைய வேதனையை நாம் அறிவோம்; எண்பது வயதில், தன் வீட்டில், தன் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் அதை ஒருவருக்குக் கொடுக்கலாமா? "அம்மம்மா, நான் உங்கட மூத்த மகளின்ர மகன், கனடாவிலயிருந்து வந்திருக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாற் போதும்.

எம்மாவட்டத்து முதியோரின் நெஞ்சில் வேறு சிலவும் கிடக்கின்றன. 1983 முதல் 2009 வரை இங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள். அடையாள அட்டையைத் தேடித்தேடி அலுமாரியைக் கவிழ்க்கும் பாட்டனாரைப் பார்த்து, "இப்ப ஆர் அதைக் கேக்கிறாங்கள்?" என்று சிரிக்கிறோம். அட்டையின்றித் தெருவில் இறங்கினால் வீடு திரும்புவது நிச்சயமில்லாத காலமொன்று இருந்தது. அவர் இப்போது அக்காலத்தில் இருக்கிறார். அட்டையின் பிரதியொன்றைச் சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். தேடும்போதெல்லாம் தொட்டுப்பார்த்து அமைதியடைவார். அப்பையிலேயே வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவைத்தால் ஒரு காரியத்தில் இரண்டு காரியமாகும். சித்திரை வருஷப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்தும்போது கட்டிலின்கீழ் ஒளியும் ஆச்சிமாரும் உண்டு. அன்றைக்கு அவர்களை உள்ளறையில் இருத்தி ஒருவர் பக்கத்திலிருக்கவேண்டும். அயல்வீட்டு இளைஞர் வெடியைச் சற்றுத் தள்ளிப்போய்க் கொளுத்தினாலும் பண்டிகை குறைந்துபோகாது.

வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போவது எங்குமுள்ள தொல்லை. நம்மூரில் அது பெரும் ஆபத்து. கிழக்கே நடந்தாலும் கடல், மேற்கே நடந்தாலும் துறைமுகம். ஆளைக் காணோமென்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடவேண்டும், பிறகே உறவினர் வீடு. முன்கூட்டியே, மீன் வாடிக்காரர், ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்போர், தேநீர்க் கடைக்காரர் ஆகியோரிடம் படத்தைக் காட்டி, "இவரைத் தனியே கண்டால் இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லிவைப்பதில் வெட்கமென்ன? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் நகரம் இது. மூன்று தெருவிலும் சொல்லிவையுங்கள். படலைக்குக் கண்ணுக்கு எளிதிற் படாத உயரத்தில் நாதாங்கி போடலாம். கிணற்றுக்கு மூடி செய்விக்கலாம். தனியே வைத்துப் பூட்டிப்போதல் கூடாது, தீப்பிடித்தால் என்செய்வது? கட்டிலோடு கட்டிவைத்தல் எக்காலத்தும் ஆகாது.

அந்திப்பொழுதில் இவர்களுக்கு அமைதியின்மை மிகும். வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும்போது மனம் மருளுகிறது. இருட்டுமுன்பே விளக்கைப் போடுங்கள். சாமி அறையில் விளக்கேற்றி ஒரு தேவாரத்தைத் தொடங்கிப் பாருங்கள். சம்பந்தப் பெருமான் திருக்கோணமலையின்மேற் பாடிய பதிகத்தைச் சிறுவயதிற் பாடமாக்கியவர், பிள்ளைகளின் பெயரை மறந்தபின்பும் அதை அடிபிறழாமற் பாடுவதுண்டு. இசையோடு பதிந்தது கடைசிவரை நிற்கிறது. இரவிலே மலசலகூடத்துக்குப் போகும் வழியில் சிறு விளக்கொன்று எரியட்டும். நிலைக்கண்ணாடியில் தம் உருவத்தையே அந்நியனென்று பயந்தால், கண்ணாடியைத் துணியால் மூடிவிடலாம். குளிக்க மறுப்பவரோடு மல்லுக்கட்டாமல் அரைமணி பொறுத்து மறுபடி கேளுங்கள். தாய்க்கு மகன் முன்னே கூச்சம் இருக்கும். நோய் வந்தும் அது போவதில்லை. நோய் முற்றிய காலத்தில் விழுங்குதல் தடுமாறும். நிமிர்த்தி இருத்தி, தடித்த கஞ்சியைச் சிறு கரண்டியால், ஒவ்வொரு வாயும் இறங்கியதைப் பார்த்துப் பார்த்து ஊட்டவேண்டும். படுக்கையிற் கிடப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடவேண்டும்.

இனி, நம் சமுதாயத்தில் நியாயமென்று கருதப்படும் ஒரு வழக்கத்தை எதிர்த்துச் சொல்லப்போகிறோம். தாயை மாதமுறை வைத்துப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது. இம்மாதம் உவர்மலை, அடுத்த மாதம் பாலையூற்று, அதற்கடுத்த மாதம் கொழும்பு. நல்ல நினைவோடிருக்கும் தாய்க்கு அது பேரப்பிள்ளைகளைக் காணும் உல்லாசமாயிருக்கலாம். மறதிநோய் கண்டவருக்கோ, பழகிய கட்டிலும் கதவும் கிணற்றடி வழியுமே மீதியாயுள்ள ஞாபகம். மாதத்துக்கொருமுறை அதைப் பறிப்பது கொடுமை. தாய் ஓரிடத்தில் இருக்க, பிள்ளைகளே முறைவைத்து அவ்விடம் வரவேண்டும். வர இயலாதவர் காசாகவாவது கொடுக்கவேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று விதித்து, பராமரிப்புச் சபையொன்றையும் ஏற்படுத்தியிருக்கிறது. ஆயினும் அம்மாவுக்காக அண்ணன் தம்பிமார் அச்சபைப் படியேறும் நிலை வராதிருக்கட்டும்.

நம்மிற் பலர் மிஷன் கல்லூரிகளிற் படித்தோம். அங்கே பத்துக் கற்பனைகளுள் ஒன்றாகவும், வீட்டிலே கொன்றைவேந்தனின் தொடக்கமாகவும் தாய் தந்தையரைப் போற்றக் கற்றோம். நல்ல பாடம். இரவு இரண்டு மணிக்கு நனைந்த சேலையை மாற்றிவிடுவது யார் என்பதை அவ்விரண்டும் சொல்லவில்லை. அதை நம் சமுதாயம் ஒரு மகளிடம், அல்லது ஒரு மருமகளிடம், வாய்ச்சொல் எதுவுமின்றி ஒப்படைத்துவிட்டது. அவள் உத்தியோகத்தை விட்டிருப்பாள். கோயில் திருவிழாவுக்கும் வரமாட்டாள். முழு நித்திரை கொண்டு வருஷமிரண்டிருக்கும். முதியவர் எப்படியிருக்கிறார் என்று கேட்போர் பலர். நீ எப்படியிருக்கிறாய் பிள்ளை என்று அவளைக் கேட்டவர் எத்தனை பேர்? அவள் ஒருநாள் பொறுமையிழந்து கத்தினால் ஊர் அவளையே பழிக்கும். இந்நோயினால் அவ்வீட்டில் நோயாளர் இருவர் என்பதே எமது கணக்கு.

இதற்குக் கைகண்ட பரிகாரம் ஒன்றை இந்தியாவின் கோவா மாநிலத்திற் செய்து பார்த்திருக்கிறார்கள். 81 குடும்பங்களைக் கொண்ட அவ்வாய்வு 2008 இல் வெளியாயிற்று. வைத்தியரல்லாத உள்ளூர்வாசிகள் சிலருக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, ஆறுமாதம் அவ்வீடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் நோயை விளக்கினார்கள், பராமரிப்போரின் குறையைக் கேட்டார்கள், வேண்டியபோது வைத்தியரிடம் சேர்ப்பித்தார்கள். அவ்வளவே. பராமரிப்போருடைய மனவேதனை குறைந்தது. கோவாக்காரர் செய்ததைக் கோணமலையார் செய்ய முடியாதா?

ஆகவே சங்கத்தின்முன் ஒரு பிரேரணையை வைக்கிறோம். அங்கத்தவர் இருவர் இருவராகச் சேர்ந்து, வாரத்தில் இரண்டு மணித்தியாலம், இத்தகைய வீடொன்றுக்குப் போய் முதியவரோடு இருக்கவேண்டும். அந்நேரத்தில் மகள் நித்திரை கொள்ளட்டும், சந்தைக்குப் போகட்டும், கோணேசர் மலையேறிக் காற்று வாங்கட்டும்; கணக்குக் கேட்கமாட்டோம். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு மாதர் பகுதியினர் போவது முறை. கொழும்பிலே 2001 இல் தொடங்கிய லங்கா அல்சைமர் பவுண்டேசனுக்குப் பயிற்சி விஷயமாக எழுதிக் கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டுக்கு வீடு எழுதிக்கொடுக்கலாம். இளைஞருக்கு இதில் சுயநலமும் உண்டு. 2024 இல் லான்செற் ஆய்வுக்குழு வெளியிட்ட அறிக்கை, உலகில் இந்நோய் காண்போரில் நூற்றுக்கு 45 பேர் வரையில் அதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. பிறசர், சலரோகம், புகைத்தல், குடி, காது கேளாமை, தனிமை, தலையிற் படும் அடி ஆகியவை அது காட்டும் காரணங்களுட் சில. நிலாவெளி வீதியில் தலைக்கவசமின்றி மோட்டார்சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் கடைசியிற் சொன்னதைக் கவனிப்பார்களாக.

வாசற் கதவருகே மேசைமேல் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் உதவி வேண்டும் வீட்டார் எழுதலாம். பெயர் எழுத விருப்பமில்லாவிட்டாற் செயலாளரிடம் காதோடு சொல்லலாம். மறுபக்கம் அங்கத்தவருக்கு. சனிக்கிழமை காலைக்கு ஆறுபேர் ஏற்கெனவே ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஞாயிறு பிற்பகலுக்கு இன்னும் ஒருவரும் இல்லை. உதைபந்தாட்டம் நடக்கும் நேரம் என்பது எமக்கும் தெரியும்.